ஐந்து வீடுகள், ஒரு முற்றம் – 7: தூக்குக் கயிறும் பூந்தட்டும்

போன வாரம் பாங்காக்கின் சரன்ரோம் அரண்மனையில் நிறுத்தியிருந்தோம். 1967 ஆகஸ்ட் 8. இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸின் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் எஸ்.ராஜரத்தினம், தாய்லாந்தின் தனத் கோமன். பாங் சேன் கடற்கரையில் கோல்ஃபும் பேச்சுமாகச் சில நாட்களைக் கழித்துவிட்டு வந்த ஐவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஆசியான் பிறந்தது.

ஐவரில் மூவர் பத்திரிகை உலகிலிருந்து வந்தவர்கள். ஆதம் மாலிக் ‘அந்தாரா’ செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராமோஸும் செய்தியாளராக இருந்தவர். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, சிங்கப்பூர் நாளேடுகளில் எழுதிவிட்டு அரசியலுக்கு வந்தவர். இதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய வாழ்த்துரைகளுக்கு நடுவே கசப்பான ஒன்றைச் சொன்னவரும் ராஜரத்தினம்தான். இனி நாட்டு நலனோடு வட்டார நலனையும் சேர்த்தே யோசித்தாக வேண்டும், அந்தப் பழக்கம் வலிக்காமல் வராது என்றார்.

வலி வரப் பதினான்கு மாதம் போதுமானதாக இருந்தது.

* * *

ஆர்ச்சர்ட் சாலை, மாலை மூன்று மணி

அதைச் சொல்லும் முன் 1965-க்குப் பின்னால் போக வேண்டும்.

1965 மார்ச் 10, புதன்கிழமை. சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம். ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டோனல்ட் ஹவுஸ் என்ற சிவப்புச் செங்கல் கட்டடம், பத்து மாடி. முழுக்க ஏசி போட்ட அலுவலகக் கட்டடம் என்று 1949-இல் திறந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. கீழே ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் கிளை.

மணி மூன்றைத் தாண்டிச் சில நிமிடம். மாடிப்படி அருகே விட்டுச் செல்லப்பட்டிருந்த ஒரு பை வெடித்தது.

வங்கியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். படுகாயமடைந்த ஓட்டுநர் ஒருவர் சில நாள் கழித்து மருத்துவமனையில் உயிரை விட்டார். காயம்பட்டோர் 33 பேர். சுற்றியிருந்த கட்டடங்களிலும் கண்ணாடி மிச்சமில்லை.

‘கொன்ஃபிரன்தாசி’யின் காலம் அது. மலேசியா என்ற புதிய நாடே பிரிட்டிஷாரின் சூழ்ச்சி, அதை நசுக்க வேண்டும் என்று இந்தோனேசிய அதிபர் சுகார்னோ முழங்கிய ‘மோதல்’ கொள்கை. போர் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் போர்னியோ காடுகளில் சண்டை நடந்தது. சிங்கப்பூரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் வெடித்தன. மெக்டோனல்ட் ஹவுஸ் அவற்றில் மிகக் கொடியது.

மூன்று நாள் கழித்து இருவர் கடலில் பிடிபட்டார்கள். தப்பி ஓடும்போது அவர்களுடைய மோட்டார் படகு பழுதாகி நின்றுவிட்டது. உஸ்மான் பின் ஹாஜி முகமது அலி, ஹாருன் பின் சயித். இருவரும் இந்தோனேசியக் கடற்படையின் மரைன் படையினர். குண்டு வைத்த அன்று சீருடையில் இல்லை. சந்தைக்கு வந்தவர்கள் போல் சாதாரண உடுப்பில் இருந்தார்கள்.

அந்த உடுப்புதான் வழக்கின் முடிச்சு.

ஹாருனைப் பற்றி ஒரு விவரம். அவர் பாவெயான் தீவுக்காரர். ஜாவாவுக்கு வடக்கே உள்ள அந்தச் சின்னத் தீவிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆண்கள் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போவார்கள். குதிரை லாயத்தில் வேலை, பிறகு கார் ஓட்டும் வேலை. சிங்கப்பூரின் மலாய்க்காரர்களில் இன்றும் பாவெயான் வம்சத்தார் என்று ஒரு பிரிவே உண்டு. எந்த ஊரைத் தன் தீவுக்காரர்கள் அரை வீடாகக் கருதினார்களோ, அந்த ஊரில் குண்டு வைக்க ஹாருன் அனுப்பப்பட்டார். 1963-இல் சுகார்னோ கிழித்த கோடு, அதுவரை யாரும் கோடாக நினைக்காத கடலின் மேல் போனது.

* * *

படைவீரனா, கொலைகாரனா?

1965 அக்டோபரில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் தலைகீழ் மாற்றங்கள் நடந்திருந்தன. ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்து தனி நாடாகியிருந்தது. ஜகார்த்தாவில் அக்டோபர் முதல் நாள் விடியலில் தளபதிகள் கொல்லப்பட்டு, சுகார்னோவின் பிடி தளர்ந்து, ஜெனரல் சுகார்த்தோ மேலே வரத் தொடங்கியிருந்தார். 1966 ஆகஸ்டில் மோதல் கொள்கையே முடிவுக்கு வந்தது.

கொள்கை முடிந்தது. வழக்கு முடியவில்லை.

மேல்முறையீட்டில் வக்கீல்களின் வாதம் எளிமையானது. இவர்கள் ஒரு நாட்டின் படையினர், மேலிடத்து உத்தரவைச் செய்தவர்கள், எனவே ஜெனீவா உடன்படிக்கையின்படி போர்க்கைதிகள். அரசுத் தரப்பு உடுப்பைக் காட்டியது. சீருடையைக் கழற்றிவிட்டுப் பொதுமக்களோடு கலந்து, பொதுமக்கள் இருக்கும் கட்டடத்தில் குண்டு வைத்தவன் போர்க்கைதி என்று உரிமை கோர முடியாது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1968-இல் அங்கும் முறையீடு தள்ளுபடி ஆனது. இதில் உள்ள கேலியை யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் சூழ்ச்சி என்று சொல்லி மோதலைத் தொடங்கினார் சுகார்னோ. அந்த மோதலின் கடைசி இரண்டு சிப்பாய்கள் படைவீரர்களா இல்லையா என்பதை பிரிட்டிஷ் பிரபுக்களே தீர்மானித்தார்கள்.

மீதம் இருந்தது கருணை மனு மட்டும்.

* * *

தூது

சுகார்த்தோ அந்த ஆண்டு மார்ச்சில்தான் முழு அதிபரானார். சுகார்னோவின் பாதையை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருந்தவர். ஆசியான் அவருக்கு வெறும் காகிதம் கிடையாது. இந்தோனேசியா இனி அண்டை நாடுகளை மிரட்டாது என்று உலகத்துக்குக் காட்டும் சான்று. கடன் கொடுப்பவர்களுக்கும் முதலீடு செய்பவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

ஆனால் அவருக்கு வீட்டுக்குள் ஒரு சிக்கல். மரைன் படை சுகார்னோ மேல் தனிப் பற்று வைத்திருந்த படை. அதைச் சேர்ந்த இருவரைத் தூக்கிலிட விட்டுவிட்டு ராணுவத்தை எப்படி எதிர்கொள்வது?

எனவே பிரிகேடியர் ஜெனரல் ஜொக்ரோபிரானோலோவைத் தன் சொந்தத் தூதராக சிங்கப்பூருக்கு அனுப்பினார். கோரிக்கை ஒன்றே: உயிரை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பெரியவர் ஒருவர் ஆள் விட்டுக் கேட்டால் அதற்கு என்ன எடையோ, ஜாவாவில் அதைவிடக் கூடுதல். அங்கே மேலே இருப்பவர் வாய்விட்டுக் கேட்பதே அபூர்வம். கேட்டுவிட்டால் மறுப்பு வரக்கூடாது; மறுக்க வேண்டியிருந்தால் கேட்கும் நிலையே வராமல் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துக் கோடிக்கு மேல் மக்கள் கொண்ட நாட்டின் அதிபர், இருபது லட்சம் பேர் வாழும் தீவிடம் கேட்டிருக்கிறார்.

சிங்கப்பூர் அமைச்சரவையின் பக்கம் நின்று இதைப் பார்க்கலாம்.

நாட்டுக்கு வயது மூன்று. பிரிட்டிஷ் படைகள் 1971 முடிவுக்குள் கிளம்பிவிடும் என்று லண்டன் அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்துவிட்டது. ராணுவம் என்று சொல்லிக்கொள்ள முந்தைய ஆண்டில் கட்டாய சேவைக்குச் சேர்த்த பையன்கள்தான். இந்த நிலையில் பெரிய அண்டை நாடு கேட்டது என்பதற்காக மூன்று நீதிமன்றங்கள் உறுதிசெய்த தண்டனையைக் குறைத்தால், அடுத்த முறை என்ன கேட்பார்கள்? அடுத்த நாட்டுக்காரர் என்ன கேட்பார்? இறந்த பெண்களின் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

குறைக்காவிட்டால்? சிங்கப்பூரோடு நட்பாக இருக்க விரும்பும் ஒரே இந்தோனேசியத் தலைவரின் முகத்தில் அடித்ததாக ஆகும்.

ஆயுள் தண்டனையாக மாற்றியிருக்கலாமே என்று இன்று உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பயந்த நாடு, தான் பயப்படவில்லை என்று காட்ட வேண்டியிருந்த தருணம் அது. அந்தப் பயத்தைக் கழித்துவிட்டு அந்த முடிவை எடைபோட முடியாது.

சட்டம் தன் வழியில் போகட்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. கருணை மனு நிராகரிக்கப்பட்டது.

* * *

1968 அக்டோபர் 17

வியாழன் அதிகாலை. சாங்கி சிறை. இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். உஸ்மானுக்கு 25 வயது. ஹாருன் அவரைவிட இளையவர்.

ஜகார்த்தாவில் மாணவர் கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்துக்குள் புகுந்தது. நாற்காலி, மேசை, கோப்பு என்று எதையும் விடவில்லை. கொடி எரிந்தது. தூதர் பி.எஸ்.ராமனின் வீடும் மற்ற அதிகாரிகளின் வீடுகளும் சூறையாடப்பட்டன. வானொலி, தொலைக்காட்சித் துறையிலிருந்து தூதராக வந்தவர் ராமன். அண்மையில்தான் அந்தப் பதவிக்கு வந்திருந்தார்.

இரண்டு சவப்பெட்டிகளும் விமானத்தில் ஜகார்த்தா வந்தன. சாலையோரமெங்கும் ஆயிரக்கணக்கான மக்கள். தெற்கு ஜகார்த்தாவின் கலிபாத்தா வீரர் மயானத்தில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம். அதிபரின் ஆணைப்படி இருவரும் தேசிய வீரர்கள். இன்று ஜகார்த்தாவின் நடுவே ஒரு சாலைக்கு அவர்கள் பெயர். பாவெயான் தீவின் விமான நிலையத்துக்கு ஹாருனின் பெயர்.

ஒரே இருவர். கடலின் இந்தக் கரையில் கொலைக் குற்றவாளிகள். அந்தக் கரையில் தியாகிகள்.

பழிவாங்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. வணிகத்தை முற்றாக நிறுத்து, கப்பல்களை மறி, படையை அனுப்பு. சுகார்த்தோ அடக்கி வாசித்தார். மாலிக் இன்னும் அடக்கி வாசித்தார். தூதரக உறவு முறியவில்லை. ஆசியானை விட்டு யாரும் வெளியேறவில்லை.

ஆனால் உறைபனி விழுந்துவிட்டது. சிங்கப்பூர்ப் பிரதமர் ஜகார்த்தாவுக்கு வரமாட்டார். இந்தோனேசிய அதிபர் சிங்கப்பூருக்குப் போகமாட்டார். கூட்டமைப்பின் மிகப் பெரிய வீடும் மிகச் சிறிய வீடும் முகம் கொடுத்துப் பேசாத நிலையில், ஆசியான் ஆண்டுக்கொரு முறை அமைச்சர்கள் கூடிக் கலையும் சங்கமாக நின்றது. அரசுத் தலைவர்களின் உச்சிமாநாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

* * *

ஜாவாவைப் படித்த தூதர்

1970-இல் சிங்கப்பூர் புதிய தூதரை அனுப்பியது. லீ கூன் சோய். பினாங்கில் பிறந்தவர், அரசியலுக்கு முன் இவரும் பத்திரிகைக்காரர். இந்தோனேசிய மொழி சரளம். தூதரகத்தில் கோப்பு பார்ப்பதோடு நிற்காமல் ஜாவாவின் நிழற்கூத்து, ஆவி நம்பிக்கைகள், மந்திரவாதிகள், மறைஞானக் குழுக்கள் என்று சுற்றினார். பின்னாளில் அவற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வெளியுறவுத் துறையில் சிலருக்கு இதெல்லாம் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். சுகார்த்தோவும் அவரைச் சுற்றியிருந்த தளபதிகளும் அந்த உலகத்துக்குள் வாழ்ந்தவர்கள் என்பது லீ கூன் சோய்க்குப் புரிந்திருந்தது.

ஜகார்த்தாவில் எழுத்தில் ஒரு மன்னிப்பை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்தால் சிங்கப்பூரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. நீதிமன்றத் தீர்ப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? லீ கூன் சோய் கண்டுகொண்டது வேறு. ஜாவாக்காரருக்குத் தீராமல் இருந்தது தீர்ப்பு இல்லை. அகாலமாகப் போன இரண்டு உயிர்கள் சாந்தியடையாமல் நின்றதுதான்.

அதற்கு ஜாவாவில் வழி உண்டு. கல்லறைக்குப் போவது, பூவிதழ் தூவுவது. ரம்ஜான் நோன்பு தொடங்குமுன் குடும்பம் குடும்பமாக இதைச் செய்வார்கள். ரோஜா, மல்லிகை, செண்பகத்தை ஒத்த மணமுள்ள கெனாங்கா. செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. தூவுகிறவர் தன் மனசைச் சுத்தம் செய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

அதையே பிரதமர் லீ குவான் யூவிடம் சொன்னார் தூதர்.

லீ குவான் யூ கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். சடங்குகளில் மனம் கரைபவர் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. தன் அரசு தூக்கிலிட்ட இருவரின் கல்லறைக்குத் தானே போய் நிற்பது. உள்ளூரில் அதற்கு என்ன பேசுவார்கள்?

போவதென்று முடிவெடுத்தார்.

* * *

கலிபாத்தா

1973 மே 25. ஜகார்த்தா.

கலிபாத்தாவில் முதலில் 1965-இல் கொல்லப்பட்ட தளபதிகளுக்கு மலர்வளையம். இது எந்த விருந்தாளியும் செய்யும் மரியாதை. சுகார்த்தோவின் ஆட்சி அந்தக் கல்லறைகளின் மேல்தான் எழுந்தது. அங்கே வணங்காமல் ஜகார்த்தாவில் எதுவும் நடக்காது.

பிறகு அங்கிருந்து நடந்தார். உஸ்மான், ஹாருன் கல்லறைகளுக்கு முன் வந்தார்.

பூவிதழ்களை எடுத்து இரண்டு கல்லறைகளின் மேலும் தூவினார்.

தண்டனை தவறு என்று சிங்கப்பூர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவர்கள் தியாகிகள் இல்லை என்று இந்தோனேசியாவும் ஒருபோதும் ஒப்பவில்லை. யாருடைய பாடப்புத்தகத்திலும் ஒரு வரி மாறவில்லை. ஐரோப்பாவில் இதற்கு இரண்டரை ஆண்டு முன்பு மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவில் மண்டியிட்டிருந்தார். அது ஒரு நாடு தன் குற்றத்தைத் தானே ஏற்ற செய்கை. கலிபாத்தாவில் நடந்தது அந்த ரகம் இல்லை. இங்கே குற்றம் யாருடையது என்ற கேள்வியை இரு தரப்பும் பேசி வைத்தாற்போல் ஓரமாகத் தள்ளிவைத்தார்கள்.

அதே நாளில் இரு நாடுகளும் சிங்கப்பூர் நீரிணைக்கான கடல் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுகார்த்தோவும் லீயும் மொழிபெயர்ப்பாளர் யாருமின்றித் தனியே பேசினார்கள். ‘நான்கு கண்’ சந்திப்பு என்று அதற்குப் பெயர். லீக்குத் தெரிந்த மலாயும் சுகார்த்தோவின் இந்தோனேசிய மொழியும் ஒன்றுக்கொன்று புரியக்கூடியவை. அது பெரிய வசதி. 1974 ஆகஸ்டில் சுகார்த்தோ சிங்கப்பூர் வந்தார். 1976 பிப்ரவரியில் பாலித் தீவில் ஆசியானின் முதல் உச்சிமாநாடு கூடியது. ஆரம்பித்து எட்டரை ஆண்டு கழித்து!

பாலியில் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தத்தைப் படித்தால் கலிபாத்தாவின் வாடை அடிக்கும். ஒருவர் வீட்டு விஷயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. பூசல் வந்தால் தீர்க்க அமைச்சர்கள் அடங்கிய ‘உயர் மன்றம்’ ஒன்று உண்டு. இன்றுவரை அதைக் கூட்டியதில்லை. சங்கடம் தரும் கேள்வியை மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பதைத் திறமையாகவே வளர்த்துக்கொண்டார்கள். இதைப் பலவீனம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதுவார்கள். பாதி உண்மை. ஆனால் மெக்டோனல்ட் ஹவுஸில் யார் குற்றவாளி என்று முதலில் தீர்த்துவிட்டுத்தான் கைகுலுக்குவோம் என்று நின்றிருந்தால், அந்தக் கை இன்னும் குலுக்கப்பட்டிருக்காது.

* * *

ஒரு கப்பலின் பெயர்

மீதிப் பாதி உண்மையையும் சொல்லியாக வேண்டும். அதற்கு 2014-க்குத் தாவுகிறேன்.

அந்த பிப்ரவரியில், பிரிட்டனில் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பலுக்கு இந்தோனேசியக் கடற்படை வைத்த பெயர் வெளியே தெரிந்தது: ‘உஸ்மான் ஹாருன்’. சிங்கப்பூர் கொதித்தது. வெளியுறவு அமைச்சர் கா.சண்முகம் ஜகார்த்தாவுக்கு ஃபோன் போட்டார். எங்கள் வீரர்கள் யார் என்று முடிவு செய்வது எங்கள் உரிமை என்று பதில் வந்தது. அந்தக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வரக்கூடாது, எங்கள் படை அதோடு பயிற்சியில் சேராது என்றது சிங்கப்பூர். இந்தோனேசிய முப்படைத் தளபதி மொயெல்டோகோ பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

மறு ஆண்டு மார்ச் 10 அன்று, குண்டு வெடித்து சரியாக ஐம்பது ஆண்டில், மெக்டோனல்ட் ஹவுஸுக்கு எதிரே மோதலில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னத்தை சிங்கப்பூர் திறந்தது.

1973-இல் பூத் தூவிய தலைமுறைக்கு எதை ஓரமாகத் தள்ளிவைத்தோம் என்பது தெரியும். அவர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு அது ஓரமாக இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

* * *

கொரிகிடோர்

மறுபடி 1968.

ஜகார்த்தாவும் சிங்கப்பூரும் முறுக்கிக்கொண்ட அதே ஆண்டில் ஆசியானின் இன்னொரு சுவரிலும் விரிசல் விழுந்தது. இது இன்னும் மோசமானது.

மணிலா விரிகுடாவின் வாயிலில் கொரிகிடோர் என்று ஒரு பாறைத் தீவு. சுலு தீவுகளிலிருந்து முஸ்லிம் இளைஞர்களைத் திரட்டி அங்கே ரகசியப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது பிலிப்பைன்ஸ் ராணுவம். மலேசியாவின் சாபாவுக்குள் ஊடுருவ என்றார்கள். சம்பளப் பாக்கியும் சோறு சரியில்லை என்ற முணுமுணுப்பும் கிளம்பின. மார்ச் 18 அன்று துப்பாக்கிகள் முழங்கின. ஒருவர் கடலில் குதித்து நீந்தினார். மீனவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். பத்து நாள் கழித்து பெனிக்னோ அக்கினோ என்ற இளம் செனட்டர் எழுந்து நின்று கதையை உடைத்தார்.

செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் சாபா எங்களுடையதே என்று சட்டத்தில் எழுதியது. ஆண்டு முடிவதற்குள் மணிலாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தூதரக உறவு அறுந்தது.

கலிபாத்தாவில் பெயர் பொறித்த இரண்டு கல்லறைகளாவது இருந்தன. கொரிகிடோரில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதிலேயே ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள். கலகத்தை அடக்கினோம் என்றது ராணுவம். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள் 1971-இல் விடுதலையானார்கள். அந்த விடுதலைக்கு முன்பே, 1969 டிசம்பரில் கேமரன் மலையில் ஐந்து அமைச்சர்களும் கூடியபோது மணிலாவும் கோலாலம்பூரும் மீண்டும் தூதர்களை அனுப்பிக்கொள்ள ஒப்புக்கொண்டன. சாபாவை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கொரிகிடோரைப் பற்றி யாரும் ஒரு விளக்கமும் தரவில்லை.

அப்படியென்றால் அந்த மலையில் விலையாகக் கொடுக்கப்பட்டது என்ன? அதைக் கொடுத்தது மணிலாவா, கோலாலம்பூரா, இல்லை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படாத சுலு தீவுக்காரர்களா?

(தொடரும்)